மாலை போட்ட வால்வு

அம்மா,

இன்று காலை நெய்யாற்றின்கரையில் உன் பேத்திக்குக் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினார்கள். ஊசி என்ற சொல் காதில் விழுந்ததும் அவள் போட்ட கூச்சலில் ஆஸ்பத்திரியே எழுந்து நின்றது. டாக்டரம்மா பொறுமைசாலி. "கொஞ்சம் சிரிப்பு வாயு கொடுத்துட்டு அப்புறம் ஊசி போடுவோம், பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லி அவள் மூக்கின் மேல் சின்ன ரப்பர் மூடி ஒன்றை வைத்தார். நாற்காலிக்குப் பின்னால் நீல நிறச் சிலிண்டர் நின்றது. நர்ஸ் வால்வைத் திருகியதும் மெல்லிய சீறல். மூடி சரியாகப் பொருந்துவதற்குள் அந்த வாசனை ஒரு நொடி என் பக்கம் வந்துவிட்டது. லேசான தித்திப்பு வாசனை. நான் எழுந்து வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன்.

உள்ளே உன் பேத்தி சிரித்துக்கொண்டிருந்தாள். என் மனைவி கதவிடுக்கில் எட்டிப் பார்த்து, "பிள்ளைக்கு இல்லாத பேடி உங்களுக்கு உண்டா?" என்று கேட்டாள். பயம் என்றால் அவளிடம் சொல்லியிருப்பேன். எனக்கு வந்தது வெட்கம். உன் முகத்துக்கு நேராக அன்றைக்கு வெடித்தது இதே வாயுதான் அம்மா. டாக்டர் அதை வலி தெரியாமல் இருப்பதற்காக வைத்திருக்கிறார். நான் ஊர் பார்ப்பதற்காக வைத்திருந்தேன்.

எனக்குக் கல்யாணமான புதிது அது. பாறசாலை ஹைவே ஓரத்தில் ஒர்க்‌ஷாப் போட்டு, வேலை தெரிந்தவன் என்று நாலு பேர் சொல்லத் தொடங்கியதும் எனக்குத் தலையில் கொம்பு முளைத்திருந்தது. ஓணத்தை ஒட்டி மண் மைதானத்தில் கார்ப் பந்தயம் நடக்கப்போகிறது என்று கேள்விப்பட்டேன். பழைய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கிப் பிரித்துக் கோர்த்தேன். அது போதவில்லை. கொச்சியில் யாரோ கழற்றிப் போட்ட நைட்ரஸ் கிட் ஒன்றையும், அதாவது இந்தச் சிரிப்பு வாயுவை எஞ்சினுக்குள் விடும் சாமானை, வாங்கி வந்தேன். டிக்கியில் சிலிண்டர், அங்கிருந்து அடியோடு முன்னால் போகும் குழாய், நடுவில் மின்சாரத்தில் திறக்கும் சின்ன வால்வு, எஞ்சினுக்குக் காற்று போகும் இடத்தில் ஊசிமூக்கு மாதிரி ஒரு நாசில். ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு பட்டன். அந்தப் பட்டனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

"அது பெட்ரோலாடே?" என்று கேட்டாய்.

"இல்ல அம்மா. அது தானா எரியாது. எஞ்சினுக்க சூட்டுல பிரிஞ்சு ஆக்சிஜன் தரும். ஆக்சிஜன் கூடிச்சுண்ணா பெட்ரோலயும் கூட எரிக்கலாம். வண்டிக்கு ஒரு இழுப்பு வரும்."

"அப்போ அடுப்புல ஊதாங்குழல் வச்சு ஊதுற மாதிரியாக்கும்" என்றாய். நான் சிரித்தேன். நீ சொன்னது சரிதான் என்று ஒப்புக்கொள்ளக்கூட அன்றைக்கு எனக்கு மனம் வரவில்லை.

வண்டி பூஜைக்கு நாள் பார்த்தது பெரியப்பா. முதல் சாவியை நீதான் திருக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நான். நீ வீட்டுப் பின்பக்கம் போய் நின்றுகொண்டாய்.

"நான் மாறி நிக்கியேன் மக்கா. பெரியம்மை தொடட்டு. சுமங்கலி தொட்டாத்தான் எல்லாருக்கும் சமாதானம்."

"அப்பா செத்ததுக்கு உனக்க கை என்ன செய்யும்? நீ தொடல்லேண்ணா பூஜையே வேண்டாம்" என்று கத்தினேன். என் முன்கோபம் உனக்குத் தெரியாதா? முனகிக்கொண்டே வந்தாய். ஊருக்கு முன்னால் பெரிய சீர்திருத்தக்காரன் மாதிரி நின்றதில் எனக்கு உள்ளூரப் பெருமை இருந்தது. உன்மேல் உள்ள பாசம் பாதி, நாலு பேர் பார்க்க வேண்டும் என்ற ஆசை பாதி. இப்போது எண்ணிப் பார்த்தால் பாசத்தின் பங்கு இன்னும் கொஞ்சம் குறைவாகத்தான் இருந்திருக்கும் என்று தோன்றுகிறது.

இத்தனைக்கும் உன் கையை ஊரில் யாரும் ஒதுக்கியதில்லை. நல்ல காரியங்களில் நீ பின்னால் நிற்பாய், அது வேறு. ஆனால் விதை ஊன்ற வேண்டுமென்றால் உன்னைத்தான் கூப்பிடுவார்கள். பயறோ பாவலோ வெள்ளரியோ, நீ ஊன்றினால் முளைக்கும், முளைத்தால் காய்க்கும் என்று பேர். பக்கத்து வீட்டு அக்கா விதையை முந்தியில் முடிந்து கொண்டுவந்து, "அத்தே, கை வச்சுத் தாங்க" என்று நிற்பாள். நீ வேண்டுமென்றே கொஞ்சம் பிகு பண்ணிக்கொண்டு போவாய். திரும்பி வரும்போது உன் நடையே வேறாக இருக்கும்.

பூஜையன்று என்ன நடந்தது என்பதை உனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறேன். இன்னொரு தடவை சொல்லிக்கொள்கிறேன், எனக்காக.

பெரியப்பா டிக்கியைத் திறந்து பார்த்து, "இதுக்குள்ள காஸ் உண்டுண்ணு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். மீட்டரில் முள் ஏறுவதைக் காட்டுவதற்காகச் சிலிண்டர் வால்வைத் திறந்தேன். முள் ஏறியது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். மூடுவதற்குள் பூஜை செய்யக் கோவில் போத்தி தட்டோடு வந்துவிட்டார். பானெட்டுக்குச் சந்தனம், ஸ்டீயரிங்குக்குக் குங்குமம். பிறகு டிக்கிப் பக்கம் வந்து, "இதும் புதுசுதானே" என்று சிலிண்டருக்கும் பொட்டு வைத்து, மிச்சம் இருந்த பிச்சிப்பூ மாலையை வால்வின் கழுத்தில் சுற்றிவிட்டார்.

"போத்தி, அத ஒண்ணு பூட்டிக்கிடட்டா?" என்றேன்.

"மாலை போட்டாச்சுல்லா. வண்டி நீங்குன பெறவு தொட்டாப் போரும்."

பெரியப்பா என்னை முறைத்தார். பூஜைக்கு வைத்த பொருளை நடுவில் தொடக்கூடாது என்று எனக்கும் தெரியும். முன்னால் மின்சார வால்வு இருக்கிறது, பட்டனை அழுத்தாமல் அது திறக்காது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதுவோ பழைய வால்வு. ஒருநாள் ஒதுக்கிக் கழற்றிக் கழுவியிருக்க வேண்டும். பட்டனைத் தொட்டுப் பார்க்கக் கிடைத்த நேரம் அதற்குக் கிடைக்கவில்லை.

மணி அடித்தார்கள், தேங்காய் உடைத்தார்கள், தீபாராதனை நீண்டுகொண்டே போனது. எஞ்சின் நின்றிருந்தது. ஓடுகிற எஞ்சினாக இருந்தால் கசிந்ததை அப்போதைக்கப்போது இழுத்துத் தின்றிருக்கும். நின்ற எஞ்சினில் அது போக வழியில்லாமல் காற்றுக் குழலிலும் ஃபில்டர் பெட்டியிலும் நிறைந்துகொண்டிருந்தது. பானெட் பக்கத்தில்தான் நின்றேன். தித்திப்பாக ஒரு வாசனை வந்தது. பிச்சிப்பூவும் சாம்பிராணியும் பாயசமும் சேர்ந்து அப்படி மணக்கிறது என்று நினைத்தேன். பாறசாலை முழுக்க எஞ்சின் வைத்தியன் என்று பேர் வாங்கியவனுக்குத் தன் வண்டியின் வாசனை தெரியவில்லை.

டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். நீ செருப்பைக் கழற்றிவிட்டு, கோவிலுக்குள் நுழைவது போலக் காருக்குள் ஏறினாய். சாமி கும்பிட்டுச் சாவியைத் திருகினாய். பெட்ரோல் உள்ளே வந்து அந்த வாயுவோடு கலந்ததும் தீ எரிய வேண்டிய இடத்தில் நிற்காமல் பின்னோக்கி ஓடியது. காற்று வரும் வழியாகவே வெளியே பாய்ந்தது. வெடிச் சத்தம் கேட்டு ஆலமரத்துக் காக்கையெல்லாம் எழும்பிவிட்டது. பானெட் துள்ளியது, ஃபில்டர் பெட்டி பிளந்து ஒரு துண்டு காரின் முன்கண்ணாடியில் வந்து அடித்தது. புகைக்குள் நீ சாவியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாய். காயம் இல்லை. காதில் இரைச்சல் மட்டும் சில நாள் இருந்தது. நான் கதவைத் திறந்து உன்னை இறக்கியபோது நீ கேட்ட முதல் கேள்வி, "நான் என்னடே செய்துபோட்டேன்?"

நான் பதில் சொல்வதற்குள் பெரியப்பா சொல்லிவிட்டார். "தாலி எறக்குனவளுக்க கையில கொண்டு சாவியக் கொடுத்தியே. இனி அனுபவி."

"வால்வத் தெறந்து போட்டது நானாக்கும்! அம்மைக்க கைக்கும் இதுக்கும் ஒண்ணும் இல்ல!" என்று கத்தினேன். குழாய், கசிவு, பிரஷர் என்று என்னென்னவோ விளக்கினேன். பெற்றவளைக் காப்பாற்ற மகன் கதை கட்டுகிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். உன் முகத்தைப் பார்த்தேன். யாரையும் பார்க்காமல் நின்றாய்.

சாயங்காலம் மின்சார வால்வைக் கழற்றினேன். மூடும் இடத்தில் கடுகைவிடச் சின்னதாக ஒரு பித்தளைச் சீவல் மாட்டிக்கொண்டு நின்றது. அது இடம்விடாததால் வால்வு முழுக்கப் படியவில்லை. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உன்னிடம் ஓடிவந்து காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தாய்.

"அடுப்ப அணச்சாலும் சிலிண்டரப் பூட்டாம நான் ஒறங்குனதுண்டாடே?" என்றாய். உனக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

அதன்பிறகு ஒர்க்‌ஷாப்புக்கு வண்டி வரவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் உண்மையைச் சொன்னேன். வால்வை மூடாமல் விட்டது நான், கழுவாமல் மாட்டியது நான் என்று சொன்னேன். சொன்ன உடனே கேட்டவர்களின் முகம் மாறும். வேலைக்கு விட்டிருந்த வண்டிகளையும் பாதியில் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். சொந்தக் காரையே வெடிக்கவிட்டவனிடம் யார் வண்டியைக் கொடுப்பார்கள்? வாடகை நின்றது, என் மனைவிக்கு மாதம் ஏறிக்கொண்டிருந்தது. கடையை மூடிவிட்டு வளைகுடாவுக்குப் போகலாமா என்று உன்னிடமே கேட்டேன்.

பிறகு ஒருநாள் ஒற்றசேகரமங்கலத்திலிருந்து ஒரு டாக்சிக்காரர் வந்தார். அடுத்து வேறொருவர். எனக்கு ஒன்றும் புரியவில்லை. டாக்சிக்காரரிடமே கேட்டேன்.

"உங்க அம்மை சொன்னாவ" என்றார். "உங்க வேலையில ஒரு குறையும் இல்லியாம். வேண்டாம் வேண்டாம்ணு நீங்க தடுத்தும் கேக்காம அவியளே ஆசப்பட்டு சாவியத் தொட்டாவளாம். எனக்க மகன் பாவம், எனக்காகப் பழியத் தலையில ஏத்துகான்ணு சொல்லி அழுது கரைஞ்சாவ."

நான் கையிலிருந்த ஸ்பேனரைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். நீ மரச்சீனிக் கிழங்கைத் தோல் சீவிக்கொண்டிருந்தாய். ரேஷன் கடையில், பால் சொசைட்டியில், கோவில் நடையில் என்று ஒவ்வொரு இடமாகப் போய் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கிறாய். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"உனக்குத் தெரியாதா? அந்தச் சீவலக் கொண்டு காட்டினேன்லா?"

"தெரியும்."

"பெறவு எதுக்கு இப்படிச் சொல்லுத?"

நீ கத்தியை நிறுத்தவில்லை. "எனக்க கையில இனி யாரு சாவி தரப்போறா? எனக்க கை கெட்டா ஒருத்தரும் பட்டினி கெடக்க மாட்டாவ. உனக்க கை கெட்டுப்போச்சுண்ணா வரப்போற பிள்ளைக்கு யாரு பால் வாங்குவா?" என்றாய். பிறகு என்னைப் பார்த்து, "நீ இனி வாயத் தொறக்காத. வால்வப் பூட்டப் படி, போரும்."

நான் கேட்டுக்கொண்டேன் அம்மா. இதைச் சொல்லத்தான் எனக்கு நா எழவில்லை. நீ சொன்னதும் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அடுத்த நாள் வண்டி வந்தது, அதற்கடுத்த நாளும் வந்தது. யாராவது "பாவம், அம்மை அறியாம தொட்டுட்டாவ" என்றால் நான் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொள்வேன்.

அந்த மழைக்காலத்தில் பக்கத்து வீட்டு அக்கா பயறு போட்டாள். உன்னைக் கூப்பிடவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நீ பார்த்துக்கொண்டிருந்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சித்தி மகளின் புதுவீட்டுப் பால்காய்ச்சுக்கு நீ போய்விட்டு முற்றத்திலேயே நின்று திரும்பினாய். "உள்ள ஒரே புழுக்கம்" என்றாய். நம் வீட்டுத் தோட்டத்தில்கூட விதையை என் மனைவி கையில் கொடுத்து ஊன்றச் சொன்னாய். போன கர்க்கடக மழையில் காய்ச்சலாய்ப் படுத்து, எழுந்திருக்காமல் போகும்வரை இப்படித்தான் இருந்தாய். ஒரு நாளும் என்னைக் குத்திக்காட்டியதில்லை. அதைவிட நீ திட்டியிருக்கலாம்.

இன்னும் கேவலம் கேள். ஒர்க்‌ஷாப் நன்றாக ஓடத் தொடங்கியதும் எனக்குக் கைராசிக்காரன் என்று பேர் வந்துவிட்டது. பழைய கார் வாங்குகிறவர்கள், ஆக்சிடென்டில் மாட்டின வண்டியைச் சரிபண்ணி எடுக்கிறவர்கள், "அண்ணன் கையால முதல் சாவி" என்று சாவியை வெற்றிலையில் வைத்து நீட்டுகிறார்கள். உன் பேரைக் கெடுத்து எனக்குக் கிடைத்த பேர் அது. ஒவ்வொரு தடவையும் உடம்பு கூசும். கூசிக்கொண்டே வாங்கித் திருகுவேன்.

நைட்ரஸ் மாட்டித் தரச் சொல்லி இப்போதும் இளவட்டங்கள் வருகிறார்கள். ரோட்டில் ஓடும் வண்டிக்கு மாட்ட மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். பந்தய மைதானத்துக்கு என்றால் உட்காரவைத்துப் பேசுவேன். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது வாயுவை அடித்தால் பெட்ரோல் குழலுக்குள் தேங்கி நின்று பின்னால் வெடிக்கும். ஆகவே ஆக்சிலரேட்டர் மிதி முழுக்க அமுங்கி, சுற்றும் நன்றாக ஏறிய பிறகுதான் வாயு திறக்கும்படி ஸ்விட்ச் வைக்க வேண்டும். சுற்று எல்லை தாண்டி எஞ்சின் தானாகத் தீயை வெட்டுகிறதே, அதற்கு முன்பே வாயுவும் நிற்க வேண்டும். பெட்ரோல் பிரஷர் குறைந்தால் வாயு தானே அடைபட வேண்டும், இல்லையென்றால் பிஸ்டன் உருகும். பிளக் சூடு தாங்காத ரகமாக இருக்கக் கூடாது, இடைவெளி குறைவாக இருக்க வேண்டும், தீப்பொறி கொஞ்சம் தாமதித்து விழ வேண்டும். குழாயில் ஃபில்டர், வால்வைக் கழற்றிக் கழுவுவது. எல்லாவற்றுக்கும் மேலே, எஞ்சின் நிற்கும்போது சிலிண்டர் பூட்டியே இருக்க வேண்டும். கசிந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தால் ஃபில்டரைக் கழற்றிவைத்து, பெட்ரோலையும் தீப்பொறியையும் துண்டித்துவிட்டு எஞ்சினைச் சும்மா சுற்றி, உள்ளே உள்ளதை வெளியே தள்ள வேண்டும். பையன்கள் கொட்டாவி விடுவார்கள். "இவ்வளவும் எங்க படிச்சீங்க அண்ணா?" என்று ஒருவன் கேட்டான். எங்கே படித்தேன் என்று அவனிடமும் நான் சொல்லவில்லை.

இன்று ஆஸ்பத்திரியிலிருந்து பேத்தியை வீட்டில் விட்டுவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனபோது அதியன்னூரிலிருந்து சுனிதா என்ற பெண் காத்திருந்தாள். அவள் கணவன் தவறிப்போனபின் ஷெட்டில் தூங்கிக் கிடந்த காரைச் சரிபண்ணச் சொல்லி விட்டிருந்தாள். வேலைக்குப் போய்வர வேண்டும் என்று டிரைவிங்கும் படித்துவிட்டாள். துணைக்குக் கொழுந்தன் வந்திருந்தான். சாவி வெற்றிலையில் இருந்தது.

"அண்ணன் எடுத்து ரோட்டுல விட்டாப் போரும். பெறவு நான் ஓட்டிக்கிடுவேன்" என்றாள்.

"உங்க வண்டியில்லியா? நீங்களே எடுங்க."

"நான் எப்படி அண்ணா, முதல்ல..." என்று நிறுத்திக்கொண்டாள்.

கொழுந்தன் குறுக்கே வந்தான். "சேட்டா, உங்க வீட்டுல நடந்தது எல்லாருக்கும் தெரியும்லா. எதுக்கு வீண் பரீட்சை?"

காலையில் வந்த வாசனை இன்னும் மூக்கிலேயே இருந்தது. நான் அவர்களை உட்காரச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். மாலை போட்ட வால்வு, பித்தளைச் சீவல், நீ ரேஷன் கடையில் சொன்ன பொய், அதை நம்பி வந்த வண்டிகள், நான் தின்ற சோறு, எல்லாம். பக்கத்தில் ஆயில் மாற்றக் காத்திருந்தவர்களும் கேட்டார்கள். கொழுந்தன் எழுந்து நின்றான். "அப்போ இத்தற நாளும் ஊர ஏமாத்தியிருக்கீங்க" என்றான். ஆமாம் என்றேன். இன்று ராத்திரிக்குள் இது பாறசாலை முழுக்கப் பரவியிருக்கும். நாளைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாது.

சுனிதா எழுந்தாள். வெற்றிலையிலிருந்து சாவியை எடுத்தாள். கொழுந்தன் "மைனி" என்று கூப்பிட்டதைக் காதில் வாங்காமல் போய் ஏறினாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு திருகினாள். எஞ்சின் ஒரே பிடியில் பிடித்துக்கொண்டு சீராக ஓடியது. கண்ணைத் திறந்தவள் முதலில் தன் உள்ளங்கையைத்தான் பார்த்தாள். விரித்து வைத்து, முன்பின் பார்க்காத ஒன்றைப் பார்ப்பது போல நெடுநேரம் பார்த்தாள். அப்புறம்தான் கியர் போட்டாள்.

அம்மா, உன் கையில் ஒரு குற்றமும் இல்லை என்று கண்ணால் கண்டவன் உலகத்தில் நான் ஒருவன்தான் இருந்தேன். நீ அந்தப் பொய்யைச் சொன்னபின் உயிரோடிருந்த அத்தனை வருஷமும் நான் வாயைத் திறக்கவில்லை. இன்று திறந்தபோது கேட்க நீ இல்லை.

உன் மகன்